கணைக்கும் பிடிக்கும் ஏற்ற வைரக்கட்டையை விறகு விலையில் தேடுவது எப்படி

மண்வெட்டிக் கணை (மண்வெட்டியின் நீண்ட மரப்பிடி) முறிந்தாலோ, கோடாலிக்குப் புதிய காம்பு தேவைப்பட்டாலோ, மரம் வாங்க வேண்டும் என்றவுடன் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது மரக்கடைதான். ஆனால் மரக்கடையிலும் மரவாடியிலும் இருப்பவை நிலை, கதவு, கட்டில் ஆகியவற்றுக்காக நீளமாகவும் அகலமாகவும் அறுத்து வைக்கப்பட்ட மரங்கள். அவை கன அடிக் கணக்கில் விற்கப்படுகின்றன, கருவிப் பிடிக்கு அவற்றில் பல பொருந்துவதும் இல்லை. தேக்கையே எடுத்துக்கொள்வோம். அது இழைக்க இணக்கமானது, உலர்ந்தபின் அசையாதது, கறையான் எளிதில் அண்டாதது. எனினும் திடீரென விழும் அடியைத் தாங்குவதில் நம் ஊர்க் கருவேலம் தேக்கை விஞ்சி நிற்கிறது. உளிக்கும் கத்திக்கும் தேக்குப் பிடி போடலாம். கோடாலிக்கு அதைப் போடுவது வீண் செலவு.

கருவிப் பிடிக்குத் தேவையான மரத்தின் அளவை எண்ணிப் பார்த்தால் தேட வேண்டிய இடம் தானாகவே விளங்கும். மண்வெட்டிக் கணை ஏறத்தாழ மூன்று அடி நீளம். சுத்தியல் பிடி ஓர் அடியைச் சற்றுத் தாண்டும். உளிப் பிடி அரை அடி கூட இல்லை. மூன்று அடிக்குக் குறைந்த துண்டுகளுக்கு மர வணிகத்தில் மதிப்புக் கிடையாது. அவை அனைத்தும் விறகுக் குவியலுக்கே போய்ச் சேர்கின்றன. ஆகவே மலிவான கணை மரம் வேண்டுவோர், மரம் எடைக்கணக்கில் விற்கப்படும் இடங்களைத்தான் முதலில் நாட வேண்டும்.

விலை வேறுபாடு எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். இரண்டு அங்குலச் சதுரமும் மூன்று அடி நீளமும் உள்ள ஒரு கட்டை 144 கன அங்குலம். ஒரு கன அடியில் இத்தகைய கட்டைகள் 12 அடங்கும். பச்சைக் கருவேலத்தில் அப்படிப்பட்ட ஒரு கட்டை இரண்டரை முதல் மூன்று கிலோ வரை இருக்கும். பிளக்கும்போதும் செதுக்கும்போதும் பாதி மரம் வீணாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு கணையின் மரச்செலவு ஐந்தாறு கிலோ விறகின் விலையைத் தாண்டாது. வீணான பாதியும் அடுப்புக்கு ஆகும்.

மரவாடியில் உருட்டு மரமாக வாங்க நேர்ந்தாலும் அளவு முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கத்திலுள்ள முறை. 24 அங்குலச் சுற்றளவும் மூன்று அடி நீளமும் கொண்ட துண்டு இம்முறையில் 0.75 கன அடி என்று கணக்காகும். உண்மையில் அதற்குள் 0.95 கன அடிக்குச் சற்று மேலாகவே மரம் இருக்கிறது. அறுத்த சட்டமாக வாங்குபவருக்கு இந்த ஆதாயம் இல்லை. எனவே பிளந்துகொள்ளும் வசதி உள்ளவர்கள் உருட்டாகவே வாங்குவது மேல்.

எந்த மரம் எதற்கு

தமிழ்நாட்டின் சமவெளிகளில் இருப்பவருக்கு முதல் தேர்வு நாட்டுக் கருவேலம். மாட்டுவண்டிச் சக்கரம், ஏர், மண்வெட்டிக் கணை ஆகியவற்றுக்குத் தச்சர்கள் தலைமுறைகளாக நம்பியது அதைத்தான். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் கண்மாய்களிலும் ஏரிகளின் உட்புறங்களிலும் கருவேலம் பெருமளவில் நடப்பட்டதால், இன்றும் அது எட்டாத மரம் அன்று. அதன் வைரம், அதாவது முதிர்ந்து கடினமான உட்பகுதி, இளஞ்சிவப்பாகத் தொடங்கி, காலப்போக்கில் கரும்பழுப்பாக மாறும்.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளில் இருப்பவர்கள் சீமைக்கருவேலத்தை ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. நிலத்துக்கு அது செய்யும் கேடு வேறு விஷயம். மரமாகப் பார்த்தால் அதற்கு ஓர் அரிய குணம் உண்டு. உலரும்போது அது சுருங்குவது மிகக் குறைவு; அதனால் பூட்டிய பிடி எளிதில் ஆட்டம் கொடுப்பதில்லை. குறைகள் இரண்டு. நேராக மூன்று அடி கிடைப்பது அரிது. வைரத்தைச் சுற்றியுள்ள அதன் வெள்ளைப் பகுதியைப் பூச்சி உடனே பிடித்துவிடும். ஆகவே அரிவாள், உளி, சுத்தியல், அரம் போன்ற குட்டையான பிடிகளுக்கு அதை முதலிடத்தில் வைக்கலாம். அறுக்கும் முன் முள்ளை முழுதாகக் கழித்துவிட வேண்டும். அதன் முள் குத்திய இடம் எளிதில் சீழ் வைக்கும்.

சேலம், தருமபுரி வட்டாரங்களில் அரப்புத் தழைக்காக அறியப்படும் உசிலை மரம் கடினமான, கருநிற வைரம் கொண்டது. சிறிய மரமாக இருந்தாலும் பிடிக்கு அந்தப் பருமனே போதும். டெல்டாவிலும் கடற்கரை ஊர்களிலும் பூவரசு கிடைக்கும். கருவேலத்தைவிட இலேசானது என்றாலும் நார் உறுதியும் வளையும் தன்மையும் உள்ளது. நாள் முழுவதும் கையில் பிடிக்கும் கருவிக்கு அந்த இலேசு ஒரு நன்மையே. வீட்டுத் தோட்டத்தில் பட்டுப்போன கொய்யா மரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. சுத்தியல் பிடிக்கும் உளிப் பிடிக்கும் அதைப்போல வழவழப்பாக இழையும் மரம் குறைவு. ஏற்காடு, கீழ்ப்பழனி மலைப்பகுதிகளில் பழைய காப்பிச் செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் அடித்தண்டும் இவ்வகையைச் சேர்ந்தது.

புளியமரத்தின் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக அது நிலைப்பதற்குக் காரணம் அதுவே. நீண்ட கணைக்கு அது ஒவ்வாததற்குக் காரணமும் அதுவே. கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலுக்குப் புளி, கோடாலிக் காம்புக்குக் கருவேலம் என்று பிரித்துக்கொள்ளலாம். வேம்பின் நாரும் ஓரளவு பின்னியதுதான். நேராக வளர்ந்த இளமரத்தில் பிளந்து எடுத்தால் மண்வெட்டிக்குத் தாங்கும். சவுக்கு கடினமானது, மலிவானது, நேரானது; ஆனால் உலரும்போது வெடிக்கும் இயல்புடையது. சாரக் கம்புகள் விற்கும் இடத்தில் மெல்லிய சவுக்குக் கம்பை வாங்கி வாருகோலுக்கும் குப்பை வாரிக்கும் அப்படியே போடலாம். ஓங்கி அடிக்கும் கருவிக்கு முழுக் கம்பாக அதைப் போடுவது எனக்கு உடன்பாடன்று. ஆச்சா தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது; கிடைத்தால் உளிப் பிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட கருவிக்குப் போட்டால் தோள் வலிக்கும். மா, முருங்கை, இலவு, வாதநாராயணம் ஆகியவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வனவியல் நூல்கள் கருவிப் பிடிக்குப் பெரிதும் புகழ்வது வெக்காலியையும் தடசையும். இரண்டும் மலையடிவாரக் காடுகளின் மரங்கள். காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம் என்பதால், வனத்துறை ஏலத்தில் எடுத்த வணிகரிடம் துண்டு கிடைத்தாலொழிய அவற்றைத் தேடி அலைவதில் பயனில்லை.

எங்கே தேடுவது

விறகுக் கடையே தொடக்கம். அங்கு செல்லும்போது கைவாளும் அளவு நாடாவும் கொண்டுசெல்ல வேண்டும். கூடவே பொறுமையும் வேண்டும். கடைக்காரருக்குக் குவியலைக் கலைப்பதுதான் தொல்லையே தவிர, ஒன்றிரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில் மறுப்பு இருக்காது. சுமை இறங்கும் நேரம் தெரிந்துகொண்டு அப்போது போனால் கலைக்கவும் தேவையில்லை. பிளக்காத துண்டுகளாகக் கேளுங்கள். விறகுக்காகப் பிளந்தவை பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் நறுக்கப்பட்டிருக்கும். சுத்தியல் பிடிக்கு மட்டுமே அவை உதவும். தேர்ந்தெடுத்த துண்டுக்கு எடைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை நல்ல துண்டை அவரே ஒதுக்கி வைப்பார்.

செங்கல் சூளைகளுக்கும் கரிமூட்டம் போடுபவர்களுக்கும் வண்டி வண்டியாக மரம் வந்திறங்குகிறது. தென்மாவட்டக் கரிமூட்டங்களில் சீமைக்கருவேலத்தைப் பருமன் வாரியாகப் பிரித்து அடுக்குவது வழக்கம். மூட்டத்தை மண்ணால் மூடுவதற்கு முன்பு போய், நேரான கட்டைகளை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு விலை கொடுக்கலாம். கரிக்கு நேரும் கோணலும் ஒன்றே என்பதால் அவர்களுக்கு இழப்பில்லை.

அடுத்து, கடினமரத்தில் வேலை செய்யும் பட்டறைகளின் கழிவு. மரச்செக்கு செய்யும் பட்டறைகளில் வாகைத் துண்டுகள் மிஞ்சும். நாட்டுப்படகு கட்டும் இடங்களில், படகின் விலா எலும்பு போன்ற வளைந்த வங்குகளுக்காக வாங்கப்பட்ட மரத்தின் மீதங்கள் கிடக்கும். அவற்றில் இயற்கையாகவே வளைந்த நாருள்ள துண்டு, வளைந்த பிடி வேண்டும் கருவிக்கு மிகப் பொருத்தமானது. நேரான மரத்தை வளைவாக அறுத்தால் வளைவில் நார் அறுபடும். வளைந்தே வளர்ந்த கொம்பில் அந்தக் குறை இல்லை. அறுவை மில்களில் ஓரப் பலகைகளை விறகாக விற்பார்கள், ஆனால் அவை பெரும்பாலும் வெள்ளைப் பகுதியாகவே இருக்கும்.

என் பார்வையில் மிகச் சிறந்ததும், பலர் கவனிக்காததும், பழைய மாட்டுவண்டிதான். சக்கரத்தின் ஆரக்கால் ஒவ்வொன்றும் நார் ஓட்டம் பார்த்துத் தேர்ந்து, பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் பதப்பட்ட வைரக்கட்டை. சுத்தியலுக்கும் சிறு கோடாலிக்கும் வேண்டிய நீளம் அதில் கிடைக்கும். வண்டியின் மற்ற சட்டங்கள், ஏர்க்கால், உடைந்த உலக்கை ஆகியவையும் அவ்வாறே. பழைய இரும்புக்கடையில் சக்கரத்தின் இரும்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டு மரத்தை எரிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே சொல்லி வைப்பது பயன் தரும். முழுதாக இருக்கும் சக்கரத்தை உடைக்க வேண்டாம். அதை அழகுப்பொருளாக வாங்குவோர் கொடுக்கும் விலை உங்கள் கணையின் விலையைப் போலப் பல மடங்கு.

இடிக்கும் வீடுகளின் மரத்தையும் பார்க்கலாம். நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்வோர் பழைய வீடுகளில் இருந்த ஆச்சா மரத்தையே தேடி வாங்குகிறார்கள் என்பது பழைய மரத்தின் அருமைக்குச் சான்று. உத்திரத்தின் உள்ளே ஆணி ஒளிந்திருக்கும் என்பதால், வாளை வைக்கும் முன் காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கோவை போன்ற தொழிற்பகுதிகளில் இறக்குமதி இயந்திரங்களோடு வரும் பெட்டிகளும் பலகை மேடைகளும் பெரும்பாலும் ஊசியிலை மரமாகவே இருக்கும். கனத்த இயந்திரத்தின் அடிச்சட்டத்தில் எப்போதாவது கடினமரம் வரும். அவற்றில் ‘ஹெச்.டி.’ (HT) முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகையிட்டது, அதைக் கையில் பிடிக்கும் பொருளுக்கு எடுக்காமல் விடுவதே நலம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு மின்கம்பிகளை உரசும் கிளைகளை மின்வாரியத்தினர் கழிப்பார்கள். புயலுக்குப் பிறகு சாலையெங்கும் மரம் கிடக்கும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் சாய்த்த மரங்கள் கணக்கிலடங்கா. இத்தகைய மரத்தில் இரண்டைக் கவனிக்க வேண்டும். கிடையாக நீண்ட கிளையில் நார் இறுக்கம் ஒரு பக்கமாக இருப்பதால் உலரும்போது வில்லாக வளையும். நிமிர்ந்து வளர்ந்த கிளையையே எடுக்க வேண்டும். புயலில் முறுக்கி விழுந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாத குறுக்குக் கீறல்கள் இருக்கலாம். முறிந்த இடத்திலிருந்து நன்கு தள்ளியே துண்டு எடுக்க வேண்டும்.

யாருடைய மரம்

கீழே கிடக்கிறது என்பதால் மரம் பொதுச்சொத்தாகிவிடாது. சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ உரியது. கண்மாய்க் கருவேலம் ஏலத்தில் விடப்படும். ஏலம் எடுத்தவரிடம் பேசி வாங்குவதே எளிய, நேர்மையான வழி. பட்டா நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் போதும் என்றாலும், சந்தனத்தைச் சொந்த நிலத்தில்கூட வனத்துறை அனுமதியின்றி வெட்டக் கூடாது. ஈட்டிக்கு 1994இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மலைப்பகுதிகளுக்கு 1955இன் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. செம்மரத்தின் பக்கமே போக வேண்டாம். கோயில் மரத்தைக் கேட்பதும் தவறு, கேட்டால் கொடுக்கவும் மாட்டார்கள்.

துண்டைப் பார்த்து எடுத்தல்

மரத்தின் பெயரைவிட நாரின் ஓட்டம் முக்கியம். பட்டையின் வெடிப்புகள் நேராக மேலேறினால் உள்ளே நாரும் பெரும்பாலும் நேராக இருக்கும். அவை மரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். இயன்றவரை அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளப்பதே நல்லது, ஏனெனில் பிளவு நாரை ஒட்டியே செல்லும், வாள் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஏற்கெனவே அறுத்த சட்டமாயின், இழைத்த முகத்தில் ஒரு துளி பேனா மை விடுங்கள். மை பரவும் திசையே நாரின் திசை. அது சட்டத்தின் விளிம்பை நோக்கிச் சாய்ந்தால் கணை அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும்.

உளுப்போ மறைவான சிதைவோ உண்டா என்று அறிய, கத்திமுனையால் ஒரு மெல்லிய சிராயை நெம்பி எழுப்புங்கள். நீளமான நாராக உரிந்து வந்தால் மரம் உயிர்ப்புள்ளது. முருங்கைக் கிளை போல் சட்டென ஒடிந்தால் பூஞ்சை உள்ளே போய்விட்டது என்று பொருள். உலர்ந்த கட்டையைக் கல் தரையில் செங்குத்தாகப் போட்டால் கணீரென ஒலிக்க வேண்டும். ஊசித்துளைகளும் அவற்றின் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாயினும் வேண்டாம். வீட்டிலிருக்கும் மற்ற மரத்துக்கும் அது பரவும்.

வெள்ளைப் பகுதிக்கு வலிமை இல்லை என்று தச்சர்கள் சொல்வது முற்றிலும் சரியன்று. புதிதாக இருக்கையில் அதன் வலிமை வைரத்தினின்று பெரிதும் வேறுபடுவதில்லை. ஆனால் நம் தட்பவெப்பத்தில் பூச்சியும் கறையானும் முதலில் நுழைவது அங்குதான் என்பதால், வைரத்தையே கேட்கும் அவர்களுடைய முடிவு சரியானதே. மரத்தின் நடுவிலுள்ள சோற்றுப்பகுதி எந்தப் பிடியிலும் இருக்கக் கூடாது. வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். கணு ஒன்று இருந்தே தீரும் என்றால், அது கைபிடிக்கும் நுனிப் பக்கம் இருக்கட்டும். இரும்புக்கு அருகில் இருக்கலாகாது.

உலர்த்துதல்

மலிவாக வாங்கிய மரத்தை வீணாக்குவது பெரும்பாலும் அவசரம்தான். வாங்கிய அன்றே பட்டையை உரித்து, நான்காகவோ ஆறாகவோ பிளந்து, சோற்றை நீக்கி, தேவையான அளவைவிட நீளத்தில் அரை அடியும் பருமனில் அரை அங்குலமும் கூட்டி வைத்து வெட்டிக்கொள்ள வேண்டும். இரு முனைகளிலும் மெழுகையோ பழைய பெயின்டையோ கெட்டியாகப் பூச வேண்டும்; ஒன்றும் இல்லையெனில் சாணத்தைக் குழைத்து அப்பலாம். முனை வழியாக ஈரம் விரைந்து வெளியேறுவதே வெடிப்புக்குக் காரணம். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி விழாது என்று சொல்வோர் உண்டு. பட்டையை உடனே உரிப்பவருக்குப் பிறை பார்க்கும் தேவை பெரிதும் குறைந்துவிடும். குளத்துச் சேற்றில் சில வாரங்கள் ஊறப்போடும் பழைய வழக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு: மரத்திலுள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறுவதால் துளைப்பான் வண்டுக்கு இரை இல்லாமல் போகிறது. கருவேலத்துக்கும் வேம்புக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

அதன்பின் காற்றோட்டமுள்ள நிழலில், கட்டைகளுக்கு நடுவே குச்சிகள் வைத்து அடுக்க வேண்டும். தை, மாசியில் வெட்டிய மரம் கத்திரி வெயில் தொடங்குவதற்குள் மெதுவாக ஓரளவு ஈரம் இழந்துவிடும். சித்திரையில் வெட்டி அப்படியே வெளியில் போட்டால் ஒரு வாரத்தில் முனை பிளந்து நிற்கும். ஓர் அங்குலப் பருமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. பிளந்த கட்டைக்கு நம் வெப்பத்தில் அவ்வளவு தேவைப்படாமல் போகலாம் என்பதால், நாள்காட்டியைவிடத் தராசை நம்புவது நல்லது: கட்டையின் மீது எடையை எழுதி வைத்து மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், இரண்டு முறை தொடர்ந்து எடை மாறாவிட்டால் அது செதுக்கத் தயார். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் எடை சற்று ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கணையைப் பூட்டுவதற்குக் கோடை ஏற்ற காலம். மரம் மிகவும் சுருங்கியிருக்கும் நாளில் இறுக்கிப் பூட்டிய பிடி மழைக்காலத்தில் இன்னும் இறுகுமே தவிரத் தளராது. பூட்டியபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு மூன்று முறை தேய்த்து உலரவிடலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், ஆகையால் விரித்துக் காயவைத்த பிறகே அதை எறிய வேண்டும்.